தெற்குச் சுவரிலிருந்து ஒரு கடிதம்

ராஜபாளையம்
வைகாசி 19

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. ஜன்னல்கள் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாள் ஒட்டி மூடிவிட்டார்கள். பதினெட்டு நாள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு குகைக்குள் குடியிருந்தோம். நேற்றுதான் கிழித்தெடுத்தோம். கண் கூசுகிறது.

கத்திரி வெயிலில் எவனாவது வீட்டுக்கு வெளியே பெயின்ட் அடிப்பானா என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. தையிலேயே அடித்திருக்க வேண்டும். மழை விட்டு, சுவர் காய்ந்து, வெயிலும் இதமாக இருக்கும் காலம் அது. அப்போது என் முழங்கால் படுத்திய பாட்டில் வீடா முக்கியம் என்று விட்டுவிட்டேன். இப்போது ஆனியில் பேத்திக்குக் காதுகுத்து. பாசி பிடித்துக் கறுத்த சுவரின் முன்னால் பந்தல் போட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று உன் தங்கை ஒரே பிடியாகப் பிடித்துவிட்டாள். அவள் பிடித்தால் உனக்குத் தெரியுமே.

நீயும் ஆடியில் கழுகுமலைக்கு வந்து உன் அப்பா கட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதனால் நான் பட்டதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் மேஸ்திரியைப் பற்றி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். முதல் நாள் வந்தவர் ஏணி, வாளி எதையும் இறக்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை வந்து வீட்டைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் நாலு சுவரிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே, அதேபோல. பிறகு என்னிடம் வந்து, "சார், தெற்குச் சுவரைக் கடைசியாக வைத்துக்கொள்வோம். அதற்கு அவசரமில்லை, நாள் முழுக்க நிழல்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தெற்குச் சுவரிலா நிழல்? நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறவர்கள், சூரியன் நமக்குத் தெற்கேதானே நிற்கும் என்று வாயெடுத்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் புவியியல் நடத்தியவன் நான். நம் ஊர் ஏறத்தாழ ஒன்பதரை டிகிரி வடக்கு. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி உச்சிச் சூரியன் இங்கே நேராகத் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு கடக ரேகையை நோக்கி வடக்கே ஏறிக்கொண்டே போகும். மறுபடி நம் தலைக்கு மேல் திரும்பி வர ஆகஸ்டு கடைசியாகிவிடும். அந்த நாலரை மாதமும் சூரியன் உதிப்பதும் உச்சிக்கு வருவதும் சாய்வதும் நமக்கு வடக்கே. தெற்குச் சுவரில் ஒரு கீற்று வெயில் விழாது. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை படம் போட்டிருப்பேன்! என் வீட்டுத் தெற்குச் சுவரை ஒரு மே மாதத்திலும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மேஸ்திரியிடம் இதைச் சொல்லி ஒரு வட்டம் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமாம் சார், ஆவணி வரைக்கும் அப்படித்தான்" என்று போய்விட்டார்.

இந்த இடம் வாங்கும்போது தெற்குப் பார்த்த மனை வேண்டாம், வாஸ்து சரியில்லை என்று எத்தனை பேர் பயமுறுத்தினார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். கத்திரி வெயிலில் முகப்புக்குப் பெயின்ட் அடிக்கத் தெற்குப் பார்த்த வீட்டைப் போல வசதி எதுவும் இல்லை என்று அவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப்போய்ச் சொல்லலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு வேலை முழுவதும் நிழலைத் துரத்திக்கொண்டுதான் நடந்தது. காலை ஆறு மணிக்கு மேற்குச் சுவர். பத்தரை மணிக்குச் சாரத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். பிற்பகல் கிழக்குச் சுவர். ஆனால் கிழக்கில் நிழல் விழுந்தவுடன் பிரஷ்ஷைத் தூக்க விடமாட்டார் மேஸ்திரி. காலை முழுக்க வெயிலைக் குடித்த சுவர், நிழல் வந்தாலும் சூடு ஆற மூன்று மணி நேரமாவது ஆகும் என்பார். புறங்கையை வைத்துப் பத்து எண்ண முடிந்தால்தான் வாளியைத் திறப்பார். வடக்குச் சுவர்தான் பெரிய இம்சை. நல்லவேளை, வடகிழக்கு மூலை வேம்பு காலையில் கொஞ்சம் நிழல் கொடுத்தது. இரண்டு இரண்டு மணி நேரமாக நான்கு நாள் அடித்தார்கள்.

சுவர் சுட்டால் என்ன, சீக்கிரம் காயட்டுமே என்று நானும் நினைத்திருந்தவன்தான். 2014-ல் ஒரு காண்டிராக்டர் இதே மே மாதம், உச்சி வெயிலில், ஐந்தே நாளில் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கெட்டிக்காரர் என்று புகழ்ந்தேன். மூன்றாம் வருடம் சுவரில் சாய்ந்தால் சட்டையில் மாவு ஒட்டியது. இந்த எமல்ஷன் பெயின்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் பிசின் துணுக்குகள்தான். தண்ணீர் மெல்ல வெளியேற வெளியேற, துணுக்குகள் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டித் தோலாகப் படிய வேண்டும். கொதிக்கும் சுவர் அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டால், துணுக்குகள் சேராமல் தனித்தனியாக நின்றுவிடும். பார்வைக்குக் காய்ந்துவிட்டது போல் இருக்கும். இரண்டு மழையில் குட்டு வெளிப்படும். அதோடு, ஒரு இழுப்பின் ஈரம் காய்வதற்குள் அடுத்த இழுப்பு வந்து சேராவிட்டால் பட்டை பட்டையாகக் கோடு விழும். அது காய்கிற வேகத்தைப் பார்த்துப் பயந்து, கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றுவார்கள் சிலர். அதைவிடச் சுண்ணாம்பே அடித்துவிடலாம்.

சுண்ணாம்பு என்றதும் நம் ஹாஸ்டல் அறை நினைவுக்கு வருகிறது. நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய நீ, உன் ஒரே கறுப்புக் கால்சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றாயே! பின்பக்கம் முழுக்க வெள்ளை. ஈரத் துண்டால் நான் துடைக்கத் துடைக்க அது பரவிக்கொண்டே போனது. அப்படியே போய் வேலையும் வாங்கிவிட்டு வந்தாய். திரும்பி நிற்கச் சொல்லாதது அவர்கள் பெருந்தன்மை.

சுரண்டும் வேலையில்தான் எனக்கு மனம் லயித்தது. மேற்கு ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் பெயர்ந்து வந்தது. ஓரத்தில் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருந்தது. மேலே 2014-ன் பச்சை. அதற்குக் கீழே ரோஸ் நிறம். மூத்தவள் கல்யாணத்துக்கு அடித்தது. அதற்கும் கீழே வானநீல சிமென்ட் பெயின்ட். எல்லாவற்றுக்கும் அடியில், சிமென்ட் பூச்சை ஒட்டி, லேசாக நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. 1989-ல் என் அப்பா நின்று அடிக்கவைத்தது. டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துப் பொங்கியதும், மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, கஞ்சியும் நீலமும் சேர்த்ததும் கண்முன் நிற்கிறது. அடிப்பதற்கு முன்னால் சுவர் முழுவதையும் தண்ணீர் தெளித்து நனைக்கச் சொல்வார். எதற்கு என்று கேட்டால் "சுவருக்குத் தாகமடா" என்பார். சுண்ணாம்பு மெல்லக் காய்ந்தால்தான் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி கல்லாகும், காய்ந்த சுவர் ஈரத்தைக் குடித்துவிட்டால் வெறும் தூளாகத்தான் உதிரும் என்பதை நான் பிறகு படித்தேன்.

அந்தப் பெயர்ந்த சில்லை மேசை இழுப்பறையில் எடுத்து வைத்திருக்கிறேன். உன் தங்கை குப்பை என்கிறாள்.

உன் வீட்டிலும் அடியில் சுண்ணாம்புதான் இருக்கும். அதன் மேல் எமல்ஷனை நேராக அடித்துவிடாதே. சுண்ணாம்பு விடும்போது பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு உதிரும். முழுவதும் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, விரிசலைப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் மற்றது. ஜன்னல் கம்பிகளில் பழைய எனாமல் இருந்தால் இன்னும் கவனம். பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொல், தூசி பறக்காது. பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடாதே.

இனி என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குச் சுவருக்கு இரண்டாவது கோட்டு அடிக்க வேண்டிய நாள். மூன்றரை மணிக்கு மேஸ்திரி மேற்கே அய்யனார் கோயில் மலைப் பக்கம் பார்த்துவிட்டு, "இன்று வேண்டாம் சார்" என்றார். மலைமேல் ஒரு கையளவு மேகம், அவ்வளவுதான். எனக்கு நாள் கணக்கு. ஆட்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, சும்மா உட்கார வைப்பதா என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் சாரத்தில் ஏறினார். ஆறு மணிக்கு முடித்தார்கள். ஆறே முக்காலுக்குப் புழுதிக் காற்று. அதன் பின்னாலேயே கோடை மழை, சுழன்று சுழன்று அடித்தது. டார்ச் விளக்கோடு வெளியே ஓடிப் பார்த்தால், சந்தன நிறம் முழுவதும் பால் வழிவது போலச் சுவரில் வழிந்து, சாக்கடையில் காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மேஸ்திரி வந்தார், பார்த்தார். "கழுவிவிட்டு, காய்ந்ததும் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம்" என்றார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்த கதை தனி. மகன் போனில் அடர்ந்த சாம்பல் நிறப் படங்களாக அனுப்பினான். இப்போது அதுதான் மோஸ்தராம். உன் தங்கைக்குச் சந்தனம். வாத்தியார் புத்தி போகுமா, மேற்குச் சுவரில் மூன்று சதுரம் அடிக்கச் சொன்னேன்: சாம்பல், சந்தனம், வெள்ளை. மாலை நாலு மணிக்கு எல்லாரையும் வரிசையாக வந்து கை வைக்கச் சொன்னேன். சாம்பலில் வைத்த கையை எதிர்வீட்டுச் சிறுவன் சுரீர் என்று இழுத்துக்கொண்டான். விவாதம் அதோடு முடிந்தது. மொட்டை மாடிக்கு மட்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறோம். இரவு மின்விசிறிக் காற்று முன்போல அடுப்புக் காற்றாக இல்லை.

அளவு கேட்டிருந்தாய். என் வெளிச்சுவர் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஐம்பது சதுர அடி என்று கணக்குப் போட்டு 20 லிட்டர் வாளி இரண்டு வாங்கினோம். மழை தின்றதற்கு இன்னொரு பத்து லிட்டர். எல்லா வாளியையும் ஒன்றாகப் பெரிய டிரம்மில் ஊற்றிக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல். வாளிக்கு வாளி நிறம் ஒரு பொட்டு மாறும், சுவரில் அது காட்டிக்கொடுத்துவிடும். கடைசிப் பத்து லிட்டரால் என் கிழக்குச் சுவர் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. நீ வந்து பார்த்துக் கண்டுபிடி, பார்க்கலாம்.

ஆட்களைப் பற்றி ஒன்று. பதினோரு மணி முதல் மூன்றரை வரை வேலை வாங்காதே. கூலியை மட்டும் முழு நாளுக்குக் கொடு. வெப்ப அலையை 2024 அக்டோபரில் நம் அரசே மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. சவுக்குச் சாரத்தில் நிற்கிறவனுக்கு அது தினமும் தலைமேல் இருக்கிறது. நாங்கள் காலையில் கம்பங்கூழ், பதினோரு மணிக்கு நீர்மோர் என்று வைத்துக்கொண்டோம். இளையவன் ஒருவன் மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். வேம்படியில் படுக்கவைத்து, துண்டை நனைத்துப் போட்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தோம். அரை மணியில் எழுந்து பிரஷ்ஷைத் தேடினான். மேஸ்திரி விரட்டி வீட்டுக்கு அனுப்பினார்.

உன் ஊரில் ஆடியில் வெயிலைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். கரிசல் புழுதி ஈரப் பெயின்ட்டில் ஒட்டினால் சுவர் உப்புத்தாளாகிவிடும். காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் முடித்துக்கொள். இரும்புக் கேட்டை நடுப்பகலில் தொடாதே. இங்கே ஒரு ஆள் நான் பார்க்காத நேரத்தில் அடித்துவிட்டான். எனாமல் மேலே மட்டும் காய்ந்து பாலாடை போலச் சுருங்கிவிட்டது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா? என் கிறுக்கலைப் படிக்க முடிந்தால் உன் டாக்டர் நல்ல டாக்டர். நீ இருக்கும் புனேயில் உச்சிச் சூரியன் மே 13, 14 வாக்கில் தலைக்கு மேல் வந்து போயிருக்கும், கவனித்தாயா? விட்டுவிட்டாய் என்றால் ஜூலைக் கடைசியில் திரும்பி வரும்போது ஒரு குச்சியை நட்டுப் பேரனுக்குக் காட்டு. நண்பகலில் நிழலே இருக்காது. ஆனால் அதற்குள் நீ ஊருக்குக் கிளம்பிவிடுவாயோ?

சப்பட்டை மாம்பழம் ஒரு பெட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். என் தங்கைக்குப் பிடிக்கும். உன் சர்க்கரைக்கு ஒன்றே ஒன்று போதும்.

கழுகுமலை வீடு எந்தத் திசை பார்த்தது என்று எனக்கு மறந்துவிட்டது. தெற்கா, கிழக்கா? உடனே எழுது. அங்கே வந்து செய்வதற்கு மேஸ்திரி சம்மதித்துவிட்டார். ஆனால் முதல் நாள் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்வாராம்.

உன் பழைய அறைத்தோழன்