உப்பேரியும் சாக்லேட்டும்

மக்களே,

இந்தக் கடிதம் வற்றல் டப்பாவுக்குள்ளிருந்துதான் உன் கைக்கு வரும். எண்ணெய் படக்கூடாதென்று அம்மை ஒரு கவரில் போட்டு மேலே வைத்திருப்பாள். மேலத்தெரு டீச்சர் மகன் வெள்ளிக்கிழமை ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் பண்ணுவான். மூன்று கிலோ கொண்டுபோகச் சொன்னேன், இரண்டுக்குத்தான் சம்மதித்தான். பாவம், அவன் பெட்டியில் பாதி அவன் அம்மை கட்டிக்கொடுத்த மீன் ஊறுகாய்.

அன்றைக்கு நீ போனில் கேட்டாயே, பேரனுடைய பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் சந்தை, வீட்டுக்கு வீடு ஏதாவது செய்து கொண்டுபோக வேண்டும், சாக்லேட்டில் முக்குவதற்கு நம் ஏத்தங்காய் வற்றல், அந்த நேந்திரங்காய்ச் சிப்ஸ், சரிப்படுமா என்று. நைட் டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் கேட்டாய். நானும் ஏதோ உளறி வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. வடசேரிச் சந்தையில் குலை எடுத்து, முப்பத்தொரு வருஷம் வற்றல் சட்டி முன்னால் நின்று வியர்த்தவன் நான். அந்த வற்றலை எவனோ சாக்லேட்டில் முக்குவதா என்று தோன்றியது. அம்மையிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "கல்யாண வீட்டில் உங்கள் மகள் என்ன செய்வாள் என்று மறந்துபோச்சா?" என்று கேட்டாள்.

மறக்கவில்லை. இலையின் இடது ஓரத்தில் உப்பேரி, அதாவது இதே வற்றல், நாலு, பக்கத்தில் சர்க்கரை வரட்டி ரெண்டு வைப்பார்கள். சோறு வருவதற்கு முன்பே நீ உப்பேரி ஒன்றை எடுத்து, அதன்மேல் சர்க்கரை வரட்டியை அடுக்கி, ரெண்டையும் ஒரே கடியாகக் கடிப்பாய். ஆச்சி திட்டுவாள். நீ அடுத்த இலைக்காரரிடமும் கேட்டு வாங்கித் தின்பாய். அப்புறம் எனக்குக் கோபம் எங்கே நிற்கும்? ஜெர்மன்காரன் உப்பு தூவிச் சுட்ட மாவுக் குச்சியை, அந்த உப்புக் குச்சியை, சாக்லேட்டில் முக்கித் தின்கிறான் என்றால், ஆறு வயதில் நீ தின்றதும் அதேதான். சாக்லேட்டுக்குப் பதில் வெல்லப்பாகும் சுக்கும் ஏலக்காயும், அவ்வளவுதான்.

உன் மாமியார் வீட்டில் இந்த வற்றலுக்கு வேறு பெயர் சொல்வார்கள், சண்டைக்குப் போகாதே. நான் பிறந்ததற்கு முந்தின வருஷம், 1956 நவம்பர் 1-ஆம் தேதி, நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு மாறியதே தவிர அடுக்களை மாறவில்லை. அதனால் நமக்கு அது உப்பேரியும்தான், வற்றலும்தான். கடைக்கு வெளியூர்க்காரன் வந்தால் சிப்ஸ்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவை செய்து பார்த்தேன். முதல் தடவை நாசம்.

நாகர்கோவிலில் கேக் சாமான் விற்கிற கடையில் கறுப்புச் சாக்லேட் கட்டி ஒன்று, 400 கிராம், வாங்கி வந்தேன். பாதியை நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்தேன். நன்றாகத்தான் உருகியது. கிண்டுகிற கரண்டியைக் கழுவிவிட்டு உதறினேன், துடைக்கவில்லை. அதில் ஒட்டியிருந்த ஈரம் எத்தனை சொட்டு இருக்கும்? பட்டுப்போல ஓடிக்கொண்டிருந்தது ஒரு நிமிஷத்தில் மணல்போலத் திரண்டு, களி மாதிரி கட்டிக்கொண்டது. அம்மை சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். கொதிக்கிற எண்ணெயில் கரண்டி கரண்டியாக உப்புத்தண்ணீர் ஊற்றிப் பழகின கை அல்லவா என்கிறாள். உண்மைதான். நம் சட்டியில் காய் பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஊற்றினால்தான் வற்றலுக்குள் உப்பு ஏறும். எண்ணெய் பொங்கி இரைந்து அடங்கும். சாக்லேட்டோ ஒரு சொட்டைக்கூடத் தாங்காது. அதற்குள் இருக்கிற சர்க்கரையும் கொக்கோப் பொடியும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை, சொட்டுத் தண்ணீரில் கெட்டதைச் சரிசெய்ய இன்னும் நிறைய ஊற்ற வேண்டும். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினேன், குழம்பாக இளகிவிட்டது. முக்குவதற்கு ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரொட்டியில் தடவித் தின்று தீர்த்தார்கள்.

ஆகவே கிண்ணம், கரண்டி, கை எல்லாம் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். மரக்கரண்டி வேண்டாம், அது ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். கீழே தண்ணீர் கொதிக்கக் கூடாது. சூடானதும் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே உருக்கு. கிண்ணத்தின் அடி தண்ணீரில் முட்டக் கூடாது, ஓரம் வழியாக ஆவியும் மேலே வரக் கூடாது. மைக்ரோவேவ் இருக்கிறது என்றால் இன்னும் நல்லது. பாதிச் சூட்டில் வைத்து, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் கிண்டு. கட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடு, கிண்டக் கிண்ட மீதியும் கரையும். கெட்டியாகத் தெரிந்தால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடு. வெண்ணெய் விடாதே, அதற்குள்ளும் தண்ணீர் இருக்கிறது.

உன் ஊர்க் கடையில் ரெண்டு விதம் கிடைக்கும். கூவர்ட்டூர் என்று எழுதியிருப்பது கொக்கோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட். கூகன்கிளாசூர் என்பது கேக்குக்கு மேலே ஊற்றுகிறது, அதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். இங்கே காம்பவுண்ட் என்று விற்கிறார்களே, அந்த ஜாதி. அதை உருக்கி முக்கினால் போதும், தானாக இறுகும். அசல் சாக்லேட் அப்படி இல்லை. உருக்கி அப்படியே முக்கினால் இறுக நேரமாகும், இறுகினாலும் மேலே சாம்பல் பூத்ததுபோல வெள்ளை படியும். கெட்டுப்போனது இல்லை, தின்னலாம், பார்க்கத்தான் நன்றாக இருக்காது. அது வராமல் இருக்க, மூன்றில் ரெண்டு பங்கை 45 டிகிரி வரை உருக்கு. மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கி அதில் போட்டு, 31, 32 டிகிரிக்கு இறங்கும்வரை கிண்டிக்கொண்டே இரு. பால் சாக்லேட் என்றால் இன்னும் ரெண்டு டிகிரி கீழே. தெர்மாமீட்டர் இல்லையென்றால் கரண்டி நுனியால் துளி எடுத்துக் கீழுதட்டில் வை. லேசாகக் குளிர்ந்த மாதிரித் தோன்ற வேண்டும். நான் எண்ணெய்ச் சூட்டை ஒரு துண்டு காய் போட்டுத்தானே பார்த்தேன், அதுபோல.

கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் அசல் சாக்லேட்டை மேசைமேல் வைத்தால் என்ன ஆகுமென்று நீயே நினைத்துக்கொள். உனக்கு அங்கே டிசம்பர். ஜன்னல் பக்கத்தில் தட்டை வைத்தாலே போதும். குளிரில் இருக்கிறாய் என்று நான் சந்தோஷப்படுகிற ஒரே காரியம் இதுதான்.

இனி வற்றல். டப்பாவில் இருப்பது கடைக்குப் போடுகிற மெல்லிசு இல்லை. அது முக்கும்போதே முறியும். கொஞ்சம் கனமாகச் சீவி, தேங்காய் எண்ணெயில் நானே பொரித்தேன். இப்போது கை நடுங்குகிறது, எண்ணெய்க்கு மேலே நேராகச் சீவ அம்மை விடவில்லை. பலகையில் சீவித் துணியில் பரப்பித்தான் போட்டேன். பொரிகிற சத்தம் அடங்கினதும் எடுத்துவிட்டேன். சத்தம் இருக்கிறவரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், உனக்குத்தான் தெரியுமே. உப்பைக் குறைத்தே விட்டிருக்கிறேன். ஒரு ராத்திரி முழுக்கக் காகிதத்தில் பரப்பி எண்ணெயை வடித்தேன். நீயும் முக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் டிஷ்யூவில் ஒற்றி எடு. மேலே எண்ணெய் மினுமினுத்தால் சாக்லேட் பிடிக்காமல் உரிந்து வரும். தோலை என்ன செய்தோம் என்று கேட்பாய். பயறு போட்டுத் துவரன் வைத்தாள், ரெண்டு நாள் சாப்பிட்டோம்.

முக்குவதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்திரிக்கொத்து சுடும்போது பயறு உருண்டையை மாவில் முக்கி எடுக்கிற வேலை எப்போதும் உனக்குத்தானே. மாவு நீர்த்தால் உருண்டை தெரியும், கெட்டியானால் தொப்பி போட்டுக்கொள்ளும் என்று ஆச்சி சொல்வாளே, அதே கண்ணை இங்கேயும் வை. பாதி வரை முக்கினால் போதும். தின்பவன் கை பிடிக்க இடம் வேண்டும், மஞ்சளும் கறுப்புமாகப் பார்க்கவும் நன்றாக இருக்கும். எடுத்ததும் கிண்ணத்தின் விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டி, அடியை வழித்துவிட்டு, பேக்கிங் தாளில் வை. வழிக்காமல் வைத்தால் அடியில் பாவாடை விரித்ததுபோல நிற்கும். எனக்கு 200 கிராமில் நாற்பது துண்டு வந்தது.

உப்புக் குச்சியை உயரமான டம்ளரில் சாக்லேட் ஊற்றி முக்கு. அந்தக் குச்சியும் ப்ரெட்ஸலும் ஏன் அப்படிச் செம்புநிறமாக இருக்கின்றன என்று மருமகனிடம் கேட்டேன். சுடுவதற்கு முன் காரத்தண்ணீரில் நனைத்து எடுப்பார்களாம், மிளகாய்க் காரம் இல்லை, அப்பளக்காரம் ஜாதி. அப்பளத்துக்குக் காரம் போடுகிற நாம் இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம்.

உப்பு தூவுவதில்தான் நான் ரெண்டாம் தடவை தோற்றேன். சாக்லேட் தண்ணீராக இருக்கும்போது தூவினேன், எல்லாம் முங்கிவிட்டது. முழுக்க இறுகின பிறகு தூவினால் ஒட்டாமல் உதிரும். பளபளப்பு மங்க ஆரம்பிக்கிற நேரம் ஒன்று வரும், அப்போது தூவு. அதற்கென்று கல்லுப்பு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன், சுவாமித்தோப்பு அளத்து உப்பு. அம்மியில் ஒரே ஒரு உருட்டு உருட்டினேன், பொடியாக்கவில்லை. உப்பு அங்கே கிடைக்காதா என்று சிரிக்காதே. ஒரு துண்டுக்கு நாலு பரல் போதும். நாக்கில் முதலில் உப்பு தட்டும், அப்புறம் கறுப்புச் சாக்லேட்டின் கசப்பு அடங்கி இனிப்பு மேலே வரும். உப்புக்குக் கசப்பை அமுக்குகிற குணம் உண்டு. பால் சாக்லேட்டில் முக்கினால் மேலே உப்பு வேண்டாம், வற்றலில் இருப்பதே போதும். வெள்ளைச் சாக்லேட் பக்கம் போகாதே. என் அபிப்பிராயத்தில் அது சாக்லேட்டே இல்லை.

அம்மை தன் பங்குக்கு அச்சுமுறுக்கை முக்கிப் பார்த்தாள். ஓட்டையெல்லாம் அடைந்துபோய்க் கட்டியாகிவிட்டது. கைமுறுக்கு நன்றாக இருந்தது. உப்பு பிஸ்கட்டும் பரவாயில்லை. முந்திரிக்கொத்தையும் முக்கலாமா என்றேன், கையிலிருந்த அகப்பையை ஓங்கிவிட்டாள். கடைசியில் கிண்ணத்தில் ஒட்டியிருப்பதை வீணாக்காதே. நொறுங்கின வற்றலையும் வறுத்த முந்திரியையும் அதில் போட்டுப் புரட்டி, ஸ்பூனால் குட்டிக் குட்டிக் குவியலாக வை. பள்ளிக்கூடத்துக்கு என்றால் மட்டும் முந்திரி, கடலை சேர்த்ததைத் தனி டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டு. சில பிள்ளைகளுக்கு ஆகாது, நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ததைப் பிரிட்ஜில் வைக்காதே. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்த சந்தோஷத்தில் நான் வைத்தேன். வெளியே எடுத்ததும் வேர்த்துவிட்டது. இங்கே கார்த்திகை மழை வேறு. வற்றல் நமுத்து, சாக்லேட் மேல் பிசுபிசுவென்று ஆகி, கடைசியில் நானே தின்றேன். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வை. சந்தைக்கு ரெண்டு நாள் முன்னால் முக்கினால் போதும். முக்காத வற்றல் டப்பாவை அதுவரை திறக்காதே. பேரனிடமிருந்து ஒளித்து வை, மருமகனிடமிருந்தும்தான்.

பேரனை முக்க விடு. சாக்லேட் கை சுடாத சூட்டில்தானே இருக்கும். சிந்தினால் சிந்தட்டும். ஆனால் ஆரம்பிக்கும் முன் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கச் சொல். தாத்தா அதில்தான் 200 கிராம் தொலைத்தார் என்று சொல்.

இன்னொன்று. அந்த நீல மூடி டப்பா அம்மையுடையது. டீச்சர் மகன் பங்குனியில் ஊருக்கு வருகிறானாம், அவனிடம் மறக்காமல் கொடுத்துவிடு. போன வருஷம் அனுப்பின டப்பாவையும் சேர்த்து. அவள் கணக்கு வைத்திருக்கிறாள்.

அப்பா