உன் மூன்றாம் அட்டவணையைப் பார்த்தேன்

கண்ணா,

தூக்கத்துக்கும் பி.பி.க்கும் உள்ள தொடர்பு பற்றிய உன் தீசிஸுக்காக நீ அனுப்பிய ஃபோல்டரை முழுக்கப் பார்த்துவிட்டேன். ‘சும்மா ஒரு பார்வை பாரும்மா’ என்று ஒரு வரி போட்டிருந்தாய். அதற்குப் பிறகு போனும் இல்லை, மெசேஜும் இல்லை. வேலை இருக்கும், தெரியும். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பி.பி. ரீடிங்குகளின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பார்த்தேன். அவசரமாக எடுத்த டேட்டாவில் எல்லாமே 120, 130, 140 என்று குவிந்து கிடக்கும். உன்னுடையதில் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கிறது. மூன்று முறை எடுத்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியைப் போட்டிருக்கிறாய். கையின் சுற்றளவுக்கு எந்த அளவு கஃப் கட்டினாய் என்பதைக்கூடத் தனியாகக் குறித்திருக்கிறாய். இப்படி டேட்டா எடுப்பவர்கள் குறைவு. உன் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். மற்றதை அவளிடம் சொல்லவில்லை, கவலைப்படாதே.

மற்றது என்றால் மூன்றாம் அட்டவணைதான். முதல் மாடலில் (தூக்கத்தோடு பி.பி. எப்படி மாறுகிறது என்ற கணக்கில்) 312 பேர். தூக்கம் ஒரு மணி நேரம் கூடினால் சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 1.4 குறைகிறது, பி வேல்யூ (உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.08. நான்காவது மாடலில் 2.1 குறைகிறது, பி வேல்யூ 0.03. அட்டவணைக்குப் போனது நான்காவது மட்டும். அதற்குக் கீழே எத்தனை பேர் என்று எழுதவில்லை. அவுட்புட்டைத் தேடிப் பார்த்தால் 241.

71 பேர் எங்கே போனார்கள்?

நானே ஒரு கணக்குப் போட்டேன். நான்காவது மாடலில் நீ புதிதாகச் சேர்த்த ஐந்து வேரியபிள்களில் (ஆளுக்கு ஆள் மாறும் விவரங்களில்) ஒவ்வொன்றிலும் சுமார் 5 சதவீதம் காலியாக இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் 5 சதவீதம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் காலியாக இருந்தால் 0.95-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 0.77 வரும். 312 பேரில் 241 பேர்தான் மிஞ்சுவார்கள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த ஆளின் வரிசை முழுவதையும் சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் எடுத்துவிடும், கேட்கவும் கேட்காது. அதனால் யாரும் யாரையும் நீக்கவில்லை, அது தானாக நடந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபோல்டரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் இதுதான்’ என்று கிடக்கிறதே, அவை எல்லாம் விடியற்காலை 3 மணி வாக்கில் சேமித்தவை. தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் நீ. சரி, விடு.

இப்போது செய்ய வேண்டியது இது. முதல் மாடலை அதே 241 பேரை மட்டும் வைத்து மறுபடி ஓட்டு. அதிலேயே 2.1 வந்துவிட்டால், நீ சேர்த்த வேரியபிள்கள் எதையும் சரிசெய்யவில்லை, ஆட்கள் குறைந்ததால்தான் எண் மாறியது என்று அர்த்தம். அடுத்து, விடுபட்ட 71 பேரின் வயது, பி.பி., தூக்கம் மூன்றையும் மற்றவர்களோடு பக்கத்தில் வைத்துப் பார். பிறகு மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் செய், அதாவது காலியிடங்களை மற்ற விவரங்களிலிருந்து மதிப்பிட்டுப் பல முறை நிரப்பு. மாடலில் இருக்கும் எல்லா வேரியபிளும் இம்ப்யூட்டேஷனிலும் இருக்க வேண்டும், பி.பி.யும் சேர்த்து. பி.பி. அவுட்கம், அதாவது அளக்க வந்த விளைவு, ஆயிற்றே என்று அதை வெளியே வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் நிரப்பிய மதிப்புகளுக்கும் பி.பி.க்கும் உள்ள உறவு நீர்த்துப்போய் கோஎஃபிஷியன்ட் (1.4, 2.1 போன்ற எண்) பூஜ்யத்தை நோக்கி இழுபடும். எத்தனை முறை நிரப்புவது என்றால், எத்தனை சதவீதம் பேருக்குக் குறை இருக்கிறதோ குறைந்தது அத்தனை முறை. உனக்கு 23 சதவீதம், 25 முறை போதும்.

அதற்கும் முன்னால் ஒவ்வொரு வேரியபிளின் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்பை எடுத்துப் பார். பி.எம்.ஐ.யில் ஒரே ஒரு 999 நிற்கிறது. காலியிடத்துக்குப் போட்ட கோட், எண்ணாகவே உள்ளே போயிருக்கிறது. புகைப்பழக்கத்தை 1, 2, 3 என்று அப்படியே கொடுத்திருக்கிறாய். பழக்கமே இல்லாதவனுக்கும் விட்டவனுக்கும் உள்ள வித்தியாசமும், விட்டவனுக்கும் இப்போது புகைப்பவனுக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றுதான் என்று மாடலிடம் நீயே சொன்னது போல ஆகிறது. அதை வகைகளை ஆம், இல்லை என்று தனித்தனியாகக் காட்டும் டம்மி வேரியபிள்களாக மாற்று.

இனி வேரியபிள்களுக்கு வருகிறேன். எந்த வேரியபிள், ஏன் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாயா? தேடினேன், கிடைக்கவில்லை. ‘தனியாகப் பார்க்கும்போது பி வேல்யூ 0.2-க்குக் கீழே வந்தவற்றை எடுத்துக்கொண்டோம், பிறகு ஸ்டெப்வைஸ்’ என்று மெத்தட்ஸில் இருக்கிறது. ஸ்டெப்வைஸ் என்றால் சாஃப்ட்வேரே ஒவ்வொன்றாகச் சேர்த்து, நீக்கிப் பொறுக்குவது. இது உன் கைடு சொன்னதாக இருக்கும். அவரை நான் குறை சொல்லவில்லை, பல துறைகளில் வழக்கமே அதுதான். ஆனால் ஒரு கன்ஃபவுண்டர், அதாவது தூக்கம், பி.பி. இரண்டையும் பாதிக்கும் மூன்றாவது காரணி, தனியாக நிற்கும்போது அடங்கிக் கிடந்து, இன்னொன்று பக்கத்தில் வந்ததும் வெளிப்படலாம். முதல் வடிகட்டலிலேயே அது போய்விட்டால் திரும்ப வராது. இன்னொன்று, டேட்டாவைப் பார்த்துப் பொறுக்கிய பிறகு வரும் பி வேல்யூ, பொறுக்காமல் வருவதைப் போல இருக்காது. புள்ளியியலாளர் ஃப்ரீட்மன் 1983-இல் இதைக் காட்டிவிட்டார்: 100 வரிசை, 50 வேரியபிள், அத்தனையும் வெறும் ரேண்டம் எண்கள். முதலில் தளர்வாக வடிகட்டி, மிஞ்சியதை மட்டும் மறுபடி ஓட்டினால், ஒன்றுமே இல்லாத இடத்தில் பல வேரியபிள்கள் சிக்னிஃபிகன்ட் (தற்செயல் அல்ல) என்று வந்து நிற்கின்றன. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. பொறுக்கும் முறைதான் அப்படி.

ஒரு வெள்ளைத் தாளை எடு. வலது ஓரத்தில் பி.பி., இடது ஓரத்தில் தூக்கம். வயதிலிருந்து இரண்டின் பக்கமும் அம்புக்குறி போகிறது, அது உள்ளே வர வேண்டும். ஆண், பெண் என்பதும் அப்படியே. குறட்டையும் தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் இரண்டையும் தொடுகிறது, அதை நீ கேட்டிருக்கிறாய், ஆனால் மாடலில் காணோம். ஏன் நீக்கினாய்? பி.எம்.ஐ.தான் சிக்கல். எடை கூடினால் தூக்கம் கெடும், பி.பி.யும் ஏறும். அப்படிப் பார்த்தால் அது கன்ஃபவுண்டர். தூக்கம் குறைந்தால் எடை கூடும், அதன் வழியாக பி.பி. ஏறும் என்றும் சொல்லலாம். அப்போது அது நடுவழியில் நிற்கிறது, அதைச் சேர்த்தால் நீ அளக்க வந்த விளைவில் ஒரு பகுதியை நீயே அறுத்துவிடுகிறாய். ஒரே நேரத்தில் எடுத்த டேட்டாவில் எது முதலில் வந்தது என்று எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது. பி.எம்.ஐ. உள்ள மாடல், இல்லாத மாடல் இரண்டையும் போட்டு, எது உன் பிரதான மாடல் என்று ரிசல்ட்டைப் பார்க்கும் முன்பே முடிவு செய்து எழுது. இடுப்புச் சுற்றளவையும் கூடவே போட்டிருக்கிறாய். அதற்கும் பி.எம்.ஐ.க்கும் கோரிலேஷன் 0.9 என்றால், இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தாலே வி.ஐ.எஃப். (ஒன்றையொன்று ஒத்த வேரியபிள்கள் கணக்கை எவ்வளவு குழப்புகின்றன என்ற அளவு) 5.3 வரும், ஸ்டாண்டர்டு எரர், அதாவது மதிப்பீட்டின் நிச்சயமின்மை, இரண்டு மடங்குக்கும் மேலே போகும். ஒன்று போதும்.

அட்டவணையில் பி.பி. மாத்திரை வரிசையைக் கவனித்தாயா? மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சிஸ்டாலிக் 9 கூடுதல் என்று இருக்கிறது. மாத்திரை பி.பி.யை ஏற்றுமா? பி.பி. அதிகம் உள்ளவனுக்குத்தானே மாத்திரை கொடுக்கிறார்கள். டிஸ்கஷனில் அந்த வரிசைக்கு ஒரு பத்தியே எழுதிவிட்டாய். தூக்கத்தின் விளைவுக்காகக் கட்டிய மாடலில் மற்ற வரிசைகளுக்கு அதே மாதிரி அர்த்தம் கிடையாது. அந்தப் பத்தியை எடுத்துவிடு. மாத்திரையை ஆம், இல்லை என்று ஒரு வேரியபிளாகப் போடுவதும் தப்பு, சாப்பிடுகிறவர்களை விலக்குவதும் தப்பு. டோபின் என்ற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் 2005-இல் எழுதிய வழி எளிது: மாத்திரை சாப்பிடுகிறவரின் சிஸ்டாலிக்கோடு 10 கூட்டிவிடு, மாத்திரை இல்லாவிட்டால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதற்கு ஒரு நியாயமான மதிப்பீடாக. 5, 15 என்றும் கூட்டிப் பார்த்து முடிவு ஆடுகிறதா என்று ஒரு வரி சேர்.

இன்னொரு ஃபைலில் தூக்கத்தை 6 மணிக்குக் குறைவு, அதிகம் என்று இரண்டாக வெட்டியிருக்கிறாய். வேறொன்றில் 5, மற்றொன்றில் 7. எதற்கு என்று கேட்கவில்லை. அளந்த எண்ணை நடுவில் வெட்டினால் டேட்டாவில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்ததற்குச் சமம். 5 மணி 55 நிமிடமும் 6 மணி 5 நிமிடமும் வேறு வேறு ஆட்களாகிவிடும், 3 மணி தூங்குகிறவனும் 5 மணி 55 நிமிடக்காரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். வெட்டும் இடத்தை மூன்று தடவை மாற்றிப் பார்த்திருந்தால் அந்த மூன்றும் தீசிஸில் இருக்க வேண்டும். நேர்கோடாக இருக்காது என்ற சந்தேகம் என்றால், அதிகத் தூக்கத்திலும் பி.பி. ஏறலாம் என்பதால் அது நியாயமான சந்தேகம்தான், ஸ்ப்ளைன் (கோட்டை வளைய விடும் முறை) போடு. மூன்று முடிச்சு, 10, 50, 90-ஆம் பெர்சென்டைலில். வரைபடத்தையும் சேர்.

ரெசிடுவல் (உண்மையான மதிப்புக்கும் மாடல் சொன்ன மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீ வயதுக்கும் பி.எம்.ஐ.க்கும் நார்மாலிட்டி டெஸ்ட் (எண்கள் மணி வடிவில் பரவியிருக்கின்றனவா என்ற சோதனை) செய்து இரண்டு பக்கம் வீணாக்கியிருக்கிறாய். நார்மலாக இருக்க வேண்டியது ரெசிடுவல்தான், 312 பேரில் அதுவும் பெரிய கவலை இல்லை. ஃபிட்டட் மதிப்புக்கு, அதாவது மாடல் சொன்னதற்கு, எதிரே ரெசிடுவலை வைத்து ஒரு படம் போடு. புனல் மாதிரி விரிந்தால் அதைத் தாங்கும் ரோபஸ்ட் ஸ்டாண்டர்டு எரர் போடு, வளைந்தால் ஏதோ ஒன்று நேர்கோடாக இல்லை. குக்ஸ் டிஸ்டன்ஸுக்கு (ஒரே ஆள் முடிவை எவ்வளவு இழுக்கிறார் என்ற அளவுக்கு) எல்லை 4-ஐ 312-ஆல் வகுத்தால் வரும் 0.013, அதைத் தாண்டியவர்களின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார். எழுதியது தப்பு என்றால் திருத்து. சரியாக இருந்தால் அவர் இருக்கட்டும். தாண்டினார் என்பதற்காக நீக்காதே. ஆர் ஸ்கொயர் (பி.பி. வேறுபாட்டில் மாடல் விளக்கும் பங்கு) 0.21-தானா என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதே, நீ பி.பி.யை முன்கூட்டிச் சொல்லும் கருவி செய்யவில்லை. டயஸ்டாலிக்கையும் (பி.பி.யின் கீழ் எண்ணையும்) சேர்த்து இரண்டு அவுட்கமாக ஒரே மாடலில் போடலாமா என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் அதே ஆட்கள், அதே வேரியபிள்கள் என்றால் தனித்தனியாக ஓட்டினாலும் சேர்த்து ஓட்டினாலும் கோஎஃபிஷியன்ட் ஒன்றேதான். இரண்டையும் ஒன்றாகச் சோதிக்க வேண்டுமானால் மட்டும் சேர்.

திரும்பவும் சொல்கிறேன் என்று கோபப்படாதே. எந்த வேரியபிள், ஏன், எப்போது முடிவு செய்தாய், இந்த மூன்றையும் எழுது. எல்லாம் சரிசெய்த பிறகும் 0.08 என்றே வந்தால் 0.08 என்று எழுது. ‘ஒரு மணி நேரத்துக்கு 1.4 குறைகிறது, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 3.0 குறைவிலிருந்து 0.2 கூடுதல் வரை’ என்று ஒரு வரி. இது குறைந்த ரிசல்ட் இல்லை. பூஜ்யமாகவும் இருக்கலாம், 3 வரைக்கும் போகலாம் என்று படிக்கிறவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்த 312 பேரும் கையை நீட்டிக் காத்திருந்து கொடுத்தது அதுதான். பி வேல்யூ பெரிதாக வந்தது என்பதற்காக யாரும் தீசிஸைத் திருப்பி அனுப்புவதில்லை. அப்படி யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால், யார் சொன்னது, என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லு. நான் யாரிடமும் போய்ப் பேசமாட்டேன். உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. அவர் சுபாவம் உனக்குத் தெரியும். போன வருஷம் நடந்தது போதும்.

எல்லா மாடல்களின் சின்டாக்ஸ் (சாஃப்ட்வேர் கட்டளை) ஃபைலையும் அனுப்பு, ஓட்டிவிட்டு அழித்தவை இருந்தால் அவற்றையும். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஓரத்தில் எழுதி அனுப்பு. சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். ஸ்க்ரீனைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்தே ஓட்டிவிடலாம், இரண்டு மணி நேர வேலை. மூன்றாம் அட்டவணையைத் தவிர வேறு எதையும் நான் கேட்கமாட்டேன்.

அம்மா

பி.கு.: அடுத்த அத்தியாயத்தில் ஈ.ஜி.எஃப்.ஆரை (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீட்டை) அவுட்கமாக வைத்து இதே வேரியபிள்களை ஓட்டப்போவதாகத் தலைப்பு மட்டும் போட்டிருக்கிறாய். அதைக் கணக்கிடும் 2021 சி.கே.டி.-எபி ஃபார்முலாவுக்குள்ளேயே கிரியாட்டினினோடு வயதும் பாலினமும் இருக்கின்றன. வயதின் கோஎஃபிஷியன்டில் பாதி சிறுநீரகம் பேசும், பாதி ஃபார்முலா பேசும், பிரிக்க முடியாது. ஆரம்பிப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு.