அந்த இதழும் விளம்பரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் பழைய வீடியோ கேம் இதழ்களைப் பற்றி வெளியான நினைவுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாம் முறை ஓரிடம் உறுத்தியது. அந்தக் காலத்தில் பிள்ளைகளிடம் யாரும் எதையும் விற்க முயலவில்லை என்ற பொருள்படக் கட்டுரையாளர் எழுதி, ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டென்டோ அமெரிக்காவில் வெளியிட்ட 'நின்டென்டோ பவர்' இதழை அதற்குச் சான்றாகவும் காட்டியிருந்தார். அந்த இதழை நேசித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

திருவல்லிக்கேணியில், பைகிராப்ட்ஸ் சாலை என்று இன்றும் பலர் சொல்லும் பாரதி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து விற்பார்கள். 1995இல் அந்தக் குவியலிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பிரதியைப் பத்து ரூபாய்க்கு என் தந்தை வாங்கித் தந்தார். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' என்ற ஒரே விளையாட்டுக்காக 1990இல் முழுவதுமாக ஒதுக்கப்பட்ட இதழ் அது. எங்கள் வீட்டில் இருந்ததோ அசல் நின்டென்டோ அல்ல. பர்மா பஜாரில் வாங்கிய, அதைப் போலவே செய்த மலிவான 'டிவி கேம்' பெட்டி. கேசட்டைக் கழற்றி, அடியில் ஊதி, மறுபடி செருகினால்தான் படம் வரும். முதல் உலகத்தின் மூன்றாம் கட்டத்தில் ஒரு வெள்ளைக் கட்டையின் மேல் சில விநாடிகள் குந்தியிருந்தால் மாரியோ காட்சிக்குப் பின்புறமாகப் போய்விடுவான், அப்படியே கடைசிவரை ஓடினால் ஒரு மந்திரக் குழல் கிடைக்கும் என்று அந்த இதழில் எழுத்துக்கூட்டிப் படித்து, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைச் செய்து பார்த்த மாலையில், தெருப்பையன்கள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் எழுப்பிய கூச்சலைக் கேட்டு மாடி வீட்டுத் தாத்தா இறங்கி வந்து விசாரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதழின் நடுவே தடித்த தாளில் ஒரு சந்தா அட்டை இருந்தது. பெயர், தெரு, ஊர் எல்லாவற்றையும் நிரப்பினேன். அஞ்சல் குறியீட்டுக்கு ஐந்து கட்டங்கள்தான் போட்டிருந்தார்கள். 600005இல் கடைசி 5ஐக் கட்டத்துக்கு வெளியே எழுதினேன். டாலரில் பணம் கட்ட வேண்டும் என்று தந்தை சொன்னதும் அட்டையைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டேன். அந்த நிறுவனத்தின் கடை எங்கள் ஊரில் இல்லை. இருந்தாலும் எங்களால் எதையும் வாங்க முடிந்திருக்காது. என்னைப் போன்ற ஒரு பையனை மனத்தில் வைத்து அவர்கள் ஒரு வரி கூட எழுதியிருக்க மாட்டார்கள். இருந்தும் அந்தப் பக்கங்களில் படம் போட்டிருந்த ஒவ்வொரு கேசட்டும் எனக்கு வேண்டும் என்று மாதக்கணக்கில் ஏங்கினேன். யாருக்கோ வீசிய வலையில் நான் சிக்கினேன் என்றால், அந்த வலை எவ்வளவு நுணுக்கமாகப் பின்னப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னியவர்களுக்கு அதற்கான காரணமும் இருந்தது. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வணிகம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் அந்தச் சரக்கைத் தொடவே தயங்கினார்கள். 1985இல் நியூயார்க்கில் தன் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்த நின்டென்டோ, அது வீடியோ கேம் அல்ல, பொம்மை என்று தோன்றும்படி ஒரு பிளாஸ்டிக் ரோபோவையும் சேர்த்து விற்றது. வாங்கியவர்களின் முகவரிகளைத் திரட்டி, 'ஃபன் கிளப்' என்ற பெயரில் அவர்களுக்கு இலவசச் செய்தி மடல் அனுப்பியது. களிமண்ணில் செய்த மாரியோ உருவத்தை அட்டையில் தாங்கி 1988 ஜூலை-ஆகஸ்ட் இதழாக 'நின்டென்டோ பவர்' வந்தபோது, அந்த உறுப்பினர்களுக்கு முதல் இதழ் காசு வாங்காமலே போய்ச் சேர்ந்தது. ஆசிரியராக இருந்த கெயில் டில்டன் அதே நிறுவனத்தில் விளம்பர மேலாளராகச் சேர்ந்தவர். தொடக்க ஆண்டுகளில் அதில் வெளியார் விளம்பரம் கிடையாது என்பது உண்மையே. கட்டுரையாளர் அதைத்தான் தூய்மை என்று எடுத்துக்கொண்டார் போலும். அட்டை முதல் அட்டை வரை வீட்டார் விளம்பரமே நிறைந்திருந்த இடத்தில் வெளியாருக்கு ஏது இடம்?

அதை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானில் சக்கைப்போடு போட்டு, அமெரிக்காவில் எதிர்பார்த்தபடி விற்காமல் தேங்கிய 'டிராகன் வாரியர்' கேசட்டைச் சந்தா கட்டுவோருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சரக்கும் தீர்ந்தது, சந்தாவும் பெருகியது. 1994இல் 'டாங்கி காங் கன்ட்ரி' என்ற விளையாட்டு கடைக்கு வருமுன் அதைப் புகழ்ந்து பேசும் ஒரு வீடியோ கேசட்டையே சந்தாதாரர் வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதிகப் புள்ளி எடுத்த பிள்ளை, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் அதன் பெயர் இதழில் அச்சாகும். தன் பெயரை அச்சில் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது?

என்றாலும், என்னை மிகவும் யோசிக்க வைப்பது இவை எதுவும் அல்ல. விளையாட்டு கடினமாக இருந்ததால்தான் இதழுக்குத் தேவை வந்தது. வழி தெரியாமல் திண்டாடும் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் வழி சொல்வதற்கென்றே நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகம் இருந்த ரெட்மண்ட் நகரில் ஆலோசகர்களை உட்கார வைத்திருந்தார்கள்; அடிக்கடி வந்த கேள்விகளும் பதில்களும் இதழில் தனிப் பகுதியாக வெளிவந்தன. பூட்டை விற்றவரே சாவியையும் விற்றார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சாவி காகிதத்தில் இருந்தது. பத்து ரூபாய் கொடுத்து என் தந்தை வாங்கிய ஒரே பிரதி எங்கள் தெருவில் எட்டு வீடுகளுக்குப் போய்வந்தது. வரைபடங்களைப் பார்த்து நாங்கள் கோடு போட்ட நோட்டில் வரைந்துகொண்டோம். 'இதில் அப்படி என்னதான் இருக்கிறது' என்று என் தாய் ஒரு நாள் இதழ் முழுவதையும் புரட்டிப் பார்த்தார். அவர் புரட்டிய பக்கங்களும் நாங்கள் படித்த பக்கங்களும் ஒன்றே. அமெரிக்காவில் ஏதோ ஒரு பையனிடம் இருந்து எடைக்குப் போய், கடல் தாண்டி வந்த பிறகும் அந்த இதழ் அவனுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னது.

இப்படி இதழ் வழியாகப் பிள்ளைகளிடம் விற்பதை அமெரிக்கச் சட்டம் அப்போது கண்டுகொள்ளவில்லை. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1978இல் அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் முனைந்தது. தொழில்துறை கொதித்தெழுந்ததில் 1980இல் நாடாளுமன்றமே ஆணையத்தின் கையைக் கட்டிப்போட்டது. 1990இல் வந்த சட்டம் பிள்ளைகள் நிகழ்ச்சிகளில் வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடம், வார நாட்களில் 12 நிமிடம் என்று விளம்பரத்துக்கு வரம்பு வைத்தது. தபாலில் வரும் இதழுக்கு எந்த நிமிடக் கணக்கும் இல்லை. பக்கத்திலேயே, கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நோக்கிய வணிக விளம்பரத்தை 1980 முதல் தடை செய்திருக்கிறது. ஒரு பொம்மை நிறுவனம் தொடுத்த வழக்கில் அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது.

இப்போது என் அக்கா மகனுக்கு வருகிறேன். வயது பதினொன்று. அவன் கைப்பேசியில் விளையாடும் ஒரு விளையாட்டில் பாதி வழியில் 'சக்தி' தீர்ந்துவிடும். நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது 89 ரூபாய் கட்ட வேண்டும். தன் தந்தையின் கைப்பேசி ரகசிய எண்ணை அவன் எப்போதோ பார்த்து வைத்திருக்கிறான். மாதக் கடைசியில் வங்கிக் குறுஞ்செய்திகளை அத்தான் கூட்டிப் பார்த்தபோது மூவாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. "வாங்கினதை எடுத்துக் காட்டுடா" என்று அவர் கேட்டபோது, காட்டுவதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. திட்டைவிட அதுதான் அவனை அழவைத்தது. பூட்டும் சாவியும் இங்கும் ஒரே கையில்தான் இருக்கின்றன. ஆனால் இந்தச் சாவியை நண்பனுக்கு இரவல் கொடுக்க முடியாது, நான்கு மணி நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும், அம்மா புரட்டிப் பார்க்கவும் அதில் பக்கங்கள் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ், பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரின் ஒப்புதலின்றித் திரட்டியதற்காகவும், விளையாடுவோரை வேண்டாத செலவில் சிக்கவைத்ததற்காகவும் எழுந்த குற்றச்சாட்டுகளில், மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 1980இல் கை கட்டப்பட்ட அதே ஆணையம் தொடுத்த நடவடிக்கைதான் அது. நம் நாட்டிலும் 2022இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய நெறிமுறைகள், பிள்ளைகளின் அனுபவமின்மையையும் எளிதில் நம்பும் இயல்பையும் விளம்பரங்கள் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்கின்றன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஏட்டில் நன்றாகத்தான் இருக்கின்றன.

'நின்டென்டோ பவர்' 2012 டிசம்பரில் 285ஆம் இதழோடு நின்றுபோனது. அதன் பழைய இதழ்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 2016இல் அவை எடுக்கப்பட்டன. நம் ஏக்கத்துக்கும் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கட்டுரையாளரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். என் பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அந்தச் சந்தா அட்டையோடு.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். சென்ற மாதம் தங்கள் சிறுவர் பக்கத்தில் 'வழி கண்டுபிடி' புதிர் ஒன்று வந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பென்சிலால் மூன்று முறை தவறி, அழித்து, நான்காம் முறை வழியைக் கண்டுபிடித்தாள். வழி முடிந்த இடத்தில் ஒரு சத்துப் பானத்தின் டப்பா இருந்தது. 'விளம்பரம்' என்ற சொல் பக்கத்தின் வலது ஓரத்தில், செங்குத்தாக, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் அளவில் அச்சாகியிருந்தது. அந்தச் சொல்லைப் புதிரின் தலைப்புக்கு நேர் மேலே, தலைப்பின் அளவிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு இப்போது படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவல்லிக்கேணி, சென்னை.