பக்கத்து இருக்கை அம்மாவுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

முந்தாநாள் இரவு சான் ஹோசேயில் எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணியான வால்கிரீஸ் 75–74 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு வந்தோம். 17 புள்ளி முன்னிலை கைவிட்டுப்போன வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கடைசி விசில் வரை மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் அவள் மருத்துவமனையில் இருந்தபோது அதற்கு மேல் நான் எதையும் வேண்டவில்லை.

அந்த வாரங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையில் முறைவைத்து விழித்திருந்தவர்கள், ரசமும் சோறும் கொண்டுவந்தவர்கள், சின்னவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருகிறேன்.

இந்தக் கடிதம் முக்கியமாக, அணியின் சொந்த அரங்கமான சேஸ் சென்டரில் எங்கள் பக்கத்து இருக்கையில் அமரும் அம்மாவுக்கு. 2023 அக்டோபரில், பெயரோ பயிற்சியாளரோ ஒரு வீராங்கனையோ இல்லாத ஓர் அணியின் சீசன் இருக்கைகளுக்கு முன்பணம் கட்டினோம். அதுவே வால்கிரீஸ் ஆகி, பிற அணிகள் தக்கவைத்துக்கொள்ளாதவர்களிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல் ஆண்டிலேயே பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்கும் போனது. அதற்கு முன் வேறெந்தப் புதிய அணியும் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் இதைச் செய்ததில்லை. அந்த அணி எங்களுக்குக் கொடுத்த உறவு இவர்.

ஆட்டம் தொடங்கியதும் பென்சிலை எடுத்துவிடுவார். ஒவ்வொரு கூடையையும் தாளில் குறிப்பார். சான் ஹோசே லேசர்ஸ் என்ற பழைய பெண்கள் அணியின் காலத்துப் பழக்கம். 1998 டிசம்பரில் அந்த அணி ஆடிய லீக் திவாலாகி, சீசன் பாதியில் நின்றது. முடிக்காத ஆட்டங்களின் வெற்றுத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறாராம்.

செப்டம்பரில் நாங்கள் திரும்பி வந்தபோது, ஒன்றும் கேட்காமல் மகளிடம் ஒரு பழுப்பு உறையை நீட்டினார். அவள் வர முடியாமல்போன ஐந்து ஆட்டங்களும் அதற்குள் இருந்தன. வால்கிரீஸ் வீராங்கனை வெரோனிகா பர்ட்டன் கொடுத்த ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு சின்னக் கோடு. பர்ட்டன்தான் மகளின் உயிர் என்பது அவருக்குத் தெரியும். ஐந்து தாள்களின் ஓரத்திலும் ஒரே வரி: "உன் இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். யாரும் உட்காரவில்லை."

மகளை நாங்கள் அஞ்சி அஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில், அறுபது மைல் தொலைவு ரயிலில் வந்துபோகும் ஒருவர் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அவள் வருவாள் என்பதில் எங்களுக்கு இல்லாத உறுதி அவருக்கு இருந்திருக்கிறது.

அம்மா, அடுத்த சீசனில் நீங்கள் ரயில் ஏற வேண்டாம். உங்கள் வாசலுக்குக் கார் வரும். மகள் பென்சில் சீவி வைத்துவிட்டாள்.