ருஸ்கோ, தீரோ, போனா லே: இத்தாலி பொலோன்யாவுல இருந்து அம்மாவுக்கு

அம்மா,

நான் நல்லா இருக்கேன். நேத்து போன்ல நீ "பாஷை தெரியாத ஊர்ல வாயில்லாப் பொண்ணா உக்காந்திருக்கியாடி"ன்னு கேட்டது மனசுலயே நிக்குது, ராத்திரி சரியா தூக்கமே வரல. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா பாட்டிக்கு காதுல விழலன்னு சொன்ன இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் பெருசு, சாயங்காலம் விளக்கேத்தினதுக்கு அப்புறம் பாட்டிக்கு முழுசா படிச்சுக் காட்டு, பாதில விட்டுடாத.

முதல் வாரம் கஷ்டமா இருந்தது நெஜம்தான், மறைக்கல. கூட இருக்கற பொண்ணு பொலோன்யாக்காரி, காலைல அவசரமா கிளம்பறப்ப என்னமோ ருஸ்கோ ருஸ்கோன்னு சொல்லி கதவைக் காட்டிட்டு ஓடிட்டா. நான் ரஸ்க் கேக்கறா போலன்னு கடைக்குப் போய் ரெண்டு பாக்கெட் வாங்கி மேஜை மேல வெச்சேன். சாயங்காலம் வந்து பாத்தா குப்பைப் பை அப்படியே சமையல் ரூம்ல கிடக்கு, பக்கத்துல ரஸ்க். இந்த ஊர்ல குப்பைக்குதான் ருஸ்கோன்னு பேர். நான் ஊர்ல 6 மாசம் ஆன்லைன்ல படிச்ச இத்தாலியன்ல அந்த வார்த்தையே வரல, ஏன்னா ரோம்ல அப்படி சொல்ல மாட்டாங்களாம், இது இந்தப் பக்கத்து ஆளுங்க பேச்சு. அன்னிக்கு ராத்திரி அவளும் நானும் அந்த ரஸ்க்கை பால்ல தொட்டு சாப்பிட்டோம், அவ ஒரு நோட்டு எடுத்துக் குடுத்து இனிமே புரியாததை எல்லாம் இதுல எழுதுன்னா. அந்த நோட்டு இப்ப பாதிக்கு மேல ரொம்பிடுச்சு.

கால்தோன்னா என்ன நினைப்ப நீ? நானும் கோல்டுன்னுதான் நினைச்சேன். செப்டம்பர் வெயில்ல நாலு இடம் அலைஞ்சு தாகத்துல ஒரு பார்ல போய் ஆக்குவா கால்தான்னு கேட்டேன் (பார்னா பயப்படாத, இங்க காபிக் கடைக்கு அதுதான் பேர், பாட்டிங்க எல்லாம் காலைல போய் நின்னுட்டே குடிச்சிட்டு வருவாங்க). அவர் ஆவி பறக்க வெந்நீர் கொண்டாந்து வெச்சாரு. கால்தோன்னா சூடு. பாத்ரூம் குழாய்ல C போட்டிருந்தா வெந்நீர், F போட்டிருந்தா பச்சைத் தண்ணி, அதையும் கை சுட்டுக்கிட்டுதான் கத்துக்கிட்டேன். அந்த பார்க்காரர் என் முகத்தைப் பாத்துட்டு ஐஸ் போட்ட தண்ணி ஒரு கிளாஸ் தனியா குடுத்தாரு, காசு வாங்கல.

கிளாஸ்ல நடந்தது ஒண்ணு சொல்றேன், அப்பாகிட்டயும் சொல்லு, சந்தோஷப்படுவாரு. இத்தாலியன்ல ஒத்தை மெய்யும் ரெட்டை மெய்யும் வேற வேற அர்த்தம். சேதேன்னா தாகம், அந்த த-வ அழுத்தி சேத்-தேன்னு நிறுத்தினா ஏழு. காபெல்லோன்னா தலைமுடி, அந்த ப-வ அழுத்தி காப்-பெல்லோன்னா தொப்பி. வயசு சொல்றப்ப ஆன்னின்னு சொல்லணும், அதுல ஒரு ன் விட்டுப் போச்சுன்னா ரொம்ப அசிங்கமான அர்த்தம், உனக்கு எழுத மாட்டேன். கூட படிக்கற மத்த நாட்டுப் பசங்க இதுல திணறிட்டு இருக்காங்க, எனக்கு அது தானா வருது, ஏன்னா பலி வேற பல்லி வேற, புளி வேற புள்ளி வேறன்னு பொறந்ததுலருந்து கேட்ட காது இல்லயா. அதே மாதிரி ஞ. ஞாயிறு ஞாபகம் ரெண்டு மூணு வார்த்தைக்குதான் அந்த எழுத்துன்னு நினைச்சிட்டிருந்தேன், இங்க சிஞ்ஞோரா, பாஞ்ஞோ, ஞொக்கின்னு எங்க பாத்தாலும் ஞ. டீச்சர் என்னை எழுந்து சொல்லச் சொல்லி மத்தவங்களுக்குக் காட்டினாங்க. அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வரப்ப மனசு அவ்ளோ லேசா இருந்தது.

ஆனா அதே தமிழ் எழுத்தே ஒரு தடவ காலை வாரியும் விட்டுச்சு, அதுக்கு முன்னாடி தீரோ கதைய சொல்லணும்.

நவம்பர் மாசம், ஒன்பது மணி இருக்கும், வெளில மழை, நான் தனியா இருக்கேன். கீழ் கேட்லருந்து பெல், போனை எடுத்தா ஒரு ஆம்பளக் குரல், "மி தாய் இல் தீரோ?" சட்டுனு மொபைல்ல போட்டுப் பாத்தேன். தீரோன்னா துப்பாக்கியால சுடறதுன்னு வருது. கை நடுங்கிடுச்சு, போனை வெச்சிட்டு லைட்டையும் அணைச்சிட்டேன். மறுநாள் காலைல ரெண்டாவது மாடி சிஞ்ஞோரா (இங்க பெரியம்மாக்களை மரியாதையா அப்படித்தான் சொல்வாங்க) படியேறி வராங்க, எழுபத்தெட்டு வயசு, கையில ஒரு தட்டு கேக். வந்தது அவங்க பேரன், சாவி மறந்துட்டு வந்திருக்கான், பாட்டி தூங்கிட்டதால நம்ம பெல்லை அடிச்சிருக்கான். தீரோ குடுன்னா மேலருந்து பட்டனை அமுக்கி கீழ் கதவைத் திறன்னு அர்த்தம், பொலோன்யாவுல மட்டும் அப்படி. முன்னாடி மாடிலருந்து ஒரு கயிறை இழுத்துதான் கதவைத் திறப்பாங்களாம், இழுக்கறதுதான் தீரோ, கயிறு போய் பட்டன் வந்தும் பேர் மாறல. நான் மன்னிப்பு கேட்டு அழுதுட்டேன், அவங்க என் கன்னத்தைத் தட்டி, அவன் நனையல, போர்த்திகோ இருக்கு இல்ல, அதுல நின்னான்னு சொன்னாங்க.

போர்த்திகோவைப் பத்தி உனக்கு போட்டோ மட்டும்தான் அனுப்பினேன். மாயவரத்துல தாத்தா வீட்டுத் திண்ணை இருந்தது இல்ல, வழியில போறவன் யார் வேணா உக்காரலாம்னு, அது மாதிரி ஊர் முழுக்க, ஆனா உக்காரறதுக்கு இல்ல, நடக்கறதுக்கு. வீட்டு மாடி முன்னால நீட்டிட்டு வந்து தூண் மேல நிக்கும், அதுக்குக் கீழ எல்லாரும் நடக்கலாம். இடம் வீட்டுக்காரனோடது, பாதை ஊரோடது. 1288ல சட்டமே போட்டிருக்காங்க, வீடு கட்டறவன் போர்த்திகோவும் கட்டணும், குதிரை மேல உக்காந்து போறவனுக்கு தலை இடிக்காத உயரம் வேணும்னு. எல்லாம் சேத்தா 62 கிலோமீட்டர் இருக்கு, 2021ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேத்துட்டாங்க. நான் எட்டு மாசமா குடையே வாங்கல தெரியுமா.

அதுக்கப்புறம் டிசம்பர்ல அந்த சிஞ்ஞோரா ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாங்க. நான் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள போயிட்டேன். அவங்க முகம் ஒரு மாதிரி ஆச்சு. இங்க செருப்போட வரலாம், ஆனா வாசப்படில நின்னு "பெர்மெஸ்ஸோ"ன்னு, அதாவது அனுமதி உண்டான்னு, கேட்டுட்டுதான் உள்ள வரணும், அவங்க "அவாந்தி"ன்னு சொல்லணும், கதவு திறந்தே இருந்தாலும் கேக்கணும். பஸ்ல ஆளுங்களைத் தாண்டிப் போறப்பவும் பெர்மெஸ்ஸோ, நான் கைரேகை வெக்க நாலு மணி நேரம் குளிர்ல நின்னேனே, இந்த நாட்டுல தங்கறதுக்கான அந்த கார்டுக்குப் பேரும் பெர்மெஸ்ஸோதான். வாசல்ல இனி யார் வீட்டுக்குப் போனாலும் மறக்க மாட்டேன்.

சாப்பாட்டுல எனக்காக கறி போடாம தக்காளியில பாஸ்தா பண்ணியிருந்தாங்க. போதும்னு சொல்றதுக்கு "பாஸ்தா"ன்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன், அது பஸ்ல வர்ற ப. அந்த நேரத்துல பதட்டத்துல பல்லுல வர்ற ப போட்டு சொல்லிட்டேன். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதானே அம்மா! அவங்களுக்கு இன்னும் பாஸ்தா வேணும்னு கேட்டமாதிரி ஆயிடுச்சு, இன்னொரு கரண்டி, நான் திரும்ப சொல்ல இன்னொரு கரண்டி. மூணு தட்டு சாப்பிட்டேன், வேணாம்னு வெக்க மனசு வரல, அவங்க முகத்துல அவ்ளோ சந்தோஷம். கடைசில கையால சைகை காட்டினப்பதான் அவங்களுக்குப் புரிஞ்சது, உடனே வேற ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தாங்க, "போனா லே". பொலோன்யா பேச்சுல போதும் விடுன்னு அர்த்தம். போனா போகட்டும் மாதிரியே இருக்கு, அதனால எனக்கு மறக்கவே மறக்காது.

இங்கயும் நீ, நீங்க உண்டு. முதல்ல அவங்களைப் பாத்து சாவ்னு சொல்லிட்டேன், அது சிநேகிதங்களுக்கு, அவங்க நிதானமா புவோன்ஜோர்னோன்னு திருப்பிச் சொன்னாங்க, அதுலயே எனக்குப் புரிஞ்சது. பெரியவங்களுக்கு லெய்ன்னு சொல்லணும். இந்த மார்ச்ல ஒரு நாள் அவங்களே, இனிமே என்னை தூன்னு கூப்பிடுன்னு சொன்னாங்க, நீன்னு. சரின்னேன், ஆனா நாக்கு வரமாட்டேங்குது. பாட்டிய போய் நீ வா போன்னு கூப்பிடற மாதிரி கூச்சமா இருக்கு. இன்னும் லெய்தான், அவங்க ஒவ்வொரு தடவையும் திருத்தறாங்க.

போன வாரம் என்னை சான் லூக்கா மாதா ஊர்வலம் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. மலை மேல கோயில், அங்க வரைக்கும் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஒரே போர்த்திகோ, 666 வளைவு. 1433ல விடாம மழை பேஞ்சு பயிர் அழுகற நிலைமை வந்தப்ப மாதா படத்தை ஊருக்குள்ள கொண்டு வந்தாங்களாம், மழை நின்னுடுச்சாம், அதுலருந்து வருஷா வருஷம் மலைலருந்து இறங்கி ஒரு வாரம் ஊருக்குள்ள இருந்துட்டு திரும்பிப் போறாங்க. உற்சவர் புறப்பாடு மாதிரியே இருந்தது, ஜன்னல்ல துணி தொங்கவிட்டு கிழவிங்க எல்லாம் கைகூப்பி நின்னாங்க. சிஞ்ஞோரா என் கையப் பிடிச்சிட்டு பியானோ பியானோன்னு சொல்லிட்டே நடந்தாங்க, மெதுவா மெதுவான்னு. நானும் என்னை அறியாம கைகூப்பிட்டேன், பாட்டிகிட்ட சொல்லு.

திரும்பி வர்ற வழில டிராம் லைனுக்கு ரோட்டைத் தோண்டிட்டு இருந்தாங்க. கம்பி வேலி ஓரமா ஏழெட்டு தாத்தாங்க, எல்லாரும் கையப் பின்னாடி கட்டிட்டு பள்ளத்தையே பாத்துட்டு நிக்கறாங்க, ஒருத்தர் என்ஜினியர் மாதிரி விரலை நீட்டி ஏதோ சொல்றாரு. இவங்களுக்குன்னே ஒரு வார்த்தை இருக்காம், உமரெல். ரிடையர் ஆகி வேலை நடக்கற இடத்தை வேடிக்கை பாக்கறவர். கேட்டவுடனே எனக்கு அப்பாதான் வந்தாரு கண்ணு முன்னாடி, நம்ம தெருவுல பைப் லைன் தோண்டினப்ப பத்து நாளும் காபிய எடுத்துட்டுப் போய் அங்கயே குடிச்சாரே. எங்க அப்பாவும் உமரெல்தான்னு சொன்னேன், சிஞ்ஞோரா நடுரோட்டுல நின்னுட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தவரைக்கும் அப்படித்தான் போவாராம், சாப்பாடு ஆறிப் போகுதுன்னு இவங்க போய் கூட்டிட்டு வருவாங்களாம். அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் அவரைப் பத்தியே பேசிட்டு வந்தாங்க, எனக்கு முக்கால்வாசி புரிஞ்சது, புரியாததைக் கேட்டுக் கேட்டு தெரிஞ்சிக்கிட்டேன்.

அந்த பைப் லைன் தோண்டின அன்னிக்கு தம்பி மாடிலருந்து அப்பாவை ஒரு போட்டோ எடுத்தான் இல்ல, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு கையப் பின்னாடி வெச்சிட்டு நிக்கறது, அதைத் தேடி அனுப்பச் சொல்லு. சிஞ்ஞோரா ரெண்டு நாளா கேட்டுட்டே இருக்காங்க.

உன்
பொண்ணு