பழைய விமானங்கள் தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

கடந்த வெள்ளிக்கிழமை கட்டுநாயக்கவிலிருந்து சென்னை போக வேண்டிய உங்கள் காலை விமானம் பின்னேரம்தான் கிளம்பியது. எங்களை ஏற்றி, ஏசி இல்லாமல் வேர்க்க விறுவிறுக்க இருத்திவைத்து, பிறகு இறக்கிவிட்டீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "தொழில்நுட்பக் கோளாறு" என்ற ஒரே பதில். கடைசியில் கிளம்பியதும் அதே விமானம்தான். மேலேயிருந்து சொட்டிய தண்ணீரில் அம்மாவின் சேலை நனைந்தது. பணிப்பெண் வந்து, பழகிய கையால் இடுக்கில் டிஷ்யூவைச் செருகிவிட்டுப் போனார். என் இருக்கையின் கைப்பிடி டேப்பின் தயவில் நின்றது.

வயதை மட்டும் வைத்து நான் குறை சொல்லவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் 25 வருட விமானமும் பத்திரமாகப் பறக்கும். (கழிவறையில் சாம்பல் தட்டைக் கண்டு பக்கத்து இருக்கைக்காரர் மிரண்டார். அது புது விமானத்திலும் விதிப்படி இருக்க வேண்டியது என்று நான்தான் உங்களுக்காகப் பேசினேன்!) ஆனால் வருடத்தைவிட முக்கியம், எத்தனை தரம் ஏறி இறங்கியது என்பது. ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே காற்றழுத்தம் கூடிக் குறைய, உடற்தகடு விரிந்து சுருங்குகிறது. அப்படியே தகடு களைத்து வெடிப்பு விழும். 1988 இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்ந்து, ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அந்த விமானத்துக்கு 19 வயதுதான். தீவுக்குத் தீவு தாவித் தாவி 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்தது. கடல் உப்பு வேறு தகட்டை அரித்திருந்தது. சென்னையும் குறும்பயணம்தான். கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்புக் களப்பு, இங்கும் உப்புக் காற்றுதான்.

உள்ளே கைப்பிடி ஆடினால் வெளியே தகடு பழுதென்று அர்த்தமில்லை, அது தெரியும். ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதையே டேப் ஒட்டிச் சமாளித்தால், தெரியாததை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று பயணி கேட்கத்தான் செய்வார்.

மாற்று விமானம் கையில் இல்லாமல், பழையதையே ஓய்வின்றி ஓட்டுகிறீர்கள். என் முறைப்பாடு அதுதான். ஒன்றில் சேவைகளைக் குறையுங்கள், இல்லாவிட்டால் இந்த விமானத்தைக் குறும்பயணங்களிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அதன் வயது, இதுவரை பறந்த தடவைகள், கடைசியாகப் பிரித்துப் பார்த்த பெரிய பரிசோதனை நடந்த திகதி ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள். அம்மாவின் கண் டாக்டர் அப்பொயின்ட்மென்ட் தவறியதால் கூடுதலாகத் தங்க நேர்ந்த அறை வாடகையும் வேண்டும், பற்றுச்சீட்டுகளை இணைத்துள்ளேன். வவுச்சர் வேண்டாம், காசாகத் தாருங்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதன் பிரதி சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்குப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் பயணி