முன்னாள் மாணவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: படங்களில் நம் பள்ளி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். செயற்குழுவின் சார்பில் 2024–25ஆம் ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

கல்வி உதவித்தொகை, நூலகத்திற்கு நாளிதழ்கள், விளையாட்டுக் கருவிகள் ஆகிய வழக்கமான பணிகள் தடையின்றி நடைபெற்றன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது வேறொரு பணி என்பதால், அதையே இங்கு விரிவாகச் சொல்கிறேன். நம் பள்ளி எப்படிப்பட்டது, எதை மதிக்கிறது என்பதைப் படங்களின் வழியே ஊருக்கு எடுத்துச் சொல்லும் பணி அது.

தேர்வு முடிவுகள் வெளியானதும் பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் மதிப்பெண்ணும் மாணவர் முகமும் தாங்கிய ஃபிளக்ஸ் பதாகைகள் எழுவதை நாம் அனைவரும் பார்க்கிறோம். முதலிடம் பெற்ற சிலரை அவை காட்டுகின்றனவே தவிர, ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் ஒரு குழந்தையைப் பள்ளி எப்படி வரவேற்கும், தடுமாறுகிற பிள்ளைக்கு யார் துணை நிற்பார் என்பதைப் பெற்றோர் அவற்றிலிருந்து அறிய முடியாது. 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் அரசு இடமளித்ததால், இக்கருத்தை அக்குழுவிலேயே பேசி முடிவெடுக்க நமக்கு வாய்ப்பு அமைந்தது.

சாலையைப் பார்த்த சுற்றுச்சுவரில் தலைவர்களின் உருவங்களையும் பொன்மொழிகளையும் எழுதலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கருதினர். அத்தலைவர்கள்மீது நம் அனைவருக்கும் மதிப்பு உண்டு. ஆயினும் எந்த ஊர்ப் பள்ளிச் சுவருக்கும் பொருந்துகிற படம், நம் பள்ளியைப் பற்றித் தனியாக எதையும் சொல்லாது என்பதே செயற்குழுவின் கருத்தாக இருந்தது. மேற்கு வங்கத்தில் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனில், 1930களில் கலாபவனம் என்ற கலைப் பள்ளியின் மாணவர் விடுதியாக எழுந்த ‘காலோ பாரி’ என்ற கறுப்பு வீட்டின் மண் சுவர்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே புடைப்புச் சிற்பங்களை வடித்துத் தார் பூசினார்கள். அதே வளாகத்தின் இந்தி பவனத்தில், பார்வைக் குறைபாடுடைய ஆசிரியர் வினோத் பிகாரி முகர்ஜி 1947இல் கபீர், சூர்தாஸ் முதலிய பக்திக் கவிஞர்களை, நெசவாளரும் உழைப்பாளரும் நடமாடும் கூட்டத்தின் நடுவே சுவரோவியமாகத் தீட்டினார். அந்தப் பள்ளி எதை நம்பியது என்பது அச்சுவர்களின் முன் நின்று பார்ப்பவருக்கே விளங்கும். நாமும் நம் பிள்ளைகளிடமே கேட்பதென்று தீர்மானித்தோம்.

வகுப்புவாரியாகவும், சமையல் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரிடமும், “வெளியூரிலிருந்து வருபவருக்கு இப்பள்ளியில் எதைக் காட்டுவீர்கள்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டோம். வேப்பமரத்தடி, ஆய்வகம், கபடிக் களம் எனப் பல விடைகள் வந்தன. ஆனால் பெரிய வகுப்பு அக்காக்கள் ஆறாம் வகுப்பினருக்கு முதலில் சோறு பரிமாறிவிட்டுப் பிறகு தாங்கள் உட்காரும் காட்சியைப் பலரும் சொன்னார்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. சாதி பாராமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிய அந்த நெடிய வரலாற்றில் நம் பள்ளிக்குரிய பங்கு இந்தப் பந்திதான் என்பதால், அதுவே சுவரின் மையப் படமாயிற்று.

மழைக்காலம் முடிந்து ஓதம் வற்றும்வரை காத்திருந்து, தை மாதத்தில்தான் வேலையைத் தொடங்கினோம். பழைய பூச்சைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பின், கடைப் பலகை எழுதும் நம்மூர் ஓவியர் சுவரில் நூலடித்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார். மாணவர்கள் தாளில் வரைந்த படத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினார்கள். முகங்களுக்கு வழக்கமான இளஞ்சிவப்பைக் கலந்தபோது, “எங்க வகுப்புல யாரும் இந்த நிறத்துல இல்லையே” என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் சொன்னார். ஓவியர் உடனே தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். காவி, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றை வெவ்வேறு அளவில் கலந்து, பிள்ளைகள் தங்கள் முன்கையருகே பிடித்துப் பார்த்து, பல மாநிறங்களை உருவாக்கினார்கள். பாடநூல்களிலும் விளம்பரங்களிலும் தம் நிறத்தைக் காணாமலே வளரும் குழந்தைகள் இன்று பள்ளிச் சுவரில் அதைக் காண்கிறார்கள். இவ்வாண்டில் நாம் செய்தவற்றுள் இதையே நான் மிக உயர்வாகக் கருதுகிறேன்.

சேர்க்கை நாட்களில் காட்டுவதற்காக மாணவர்களே கைப்பேசியில் குறும்படம் ஒன்றும் எடுத்தனர். பின்னணி இசை சேர்க்காமல் மணியோசையையும் பிள்ளைகளின் பேச்சையும் மட்டும் வைத்திருப்பது அவர்களின் முடிவு.

ஒளிப்படங்களுக்குச் செயற்குழு சில விதிகளை வகுத்துள்ளது. பெற்றோரின் எழுத்துப்பூர்வமான இசைவின்றி எந்தக் குழந்தையின் படமும் வெளியிடப்படாது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் இசைவு தேவை என்று 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. உதவித்தொகையோ பையோ காலணியோ பெறும் குழந்தையைக் கொடுப்பவரோடு நிறுத்திப் படம் எடுப்பதைச் சங்கம் அறவே கைவிடுகிறது. வறுமையை முகத்தோடு சேர்த்துக் காட்டிவிட்டு, பள்ளி அனைவரையும் சமமாக நடத்துகிறது என்று நாம் சொல்ல முடியாது. நன்கொடையாளர்கள் இதனைப் பொறுத்தருள வேண்டும் என்றல்ல, இதில் உடன் நிற்க வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பழைய குழுப் படங்களைத் திரட்டி நடைக்கூடத்தில் மாட்டும் வேலையும் தொடங்கியுள்ளது. அப்படங்களில் ஆசிரியரும் மாணவரும் இருக்கிறார்கள். காவலரும் சமையல் அம்மாவும் ஆயாவும் அவற்றுள் இல்லை. இவ்வாண்டுக் குழுப் படத்தில் அவர்கள் தலைமையாசிரியருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கிறார்கள்.

சுவர் மேற்கு வெயிலை நேரே வாங்குவதால் ஆண்டுதோறும் வண்ணத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கெனத் தனி நிதி ஒதுக்கவும், ஆய்வகச் சுவரில் அடுத்த ஓவியத்தைத் தொடங்கவும் பொதுக்குழு இசைவு தரவேண்டுகிறேன். பழைய ஒளிப்படங்கள் வைத்திருப்போர் அவற்றின் பின்புறம் உள்ள பெயர்களை அழிக்காமல் நூலகரிடம் ஒப்படைத்தால், நகலெடுத்துத் திருப்பித் தரப்படும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்